அக்கி எழுதிய மூக்கு

அத்தியாயம் 11

“எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா ஒரு பொம்பளை குறட்டை விட்டது கெடையாது. திருவண்ணாமலை ஜில்லாவுல எவன் வேணா வந்து விசாரிச்சுக்கட்டும்.”

கூடத்தின் நடுவில் நின்று, பல் துலக்குவதற்கு முன்பே இராமலிங்கம் இதை அறிவித்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். “குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்” என்று அவர் சொன்னால் லட்சம் பேர் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அப்படியே பேசுவார்.

அவரை மறுத்துப் பேச அந்த ஏழு தலைமுறைப் பெண்களில் ஒருத்தியும் உயிரோடு இல்லை. அவர்கள் குறட்டை விட்டார்களா என்று கேட்டுச் சொல்லியிருக்க வேண்டிய கணவன்மார்கள், அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

“இந்த வூட்டுக்கு வாழ வந்தவதான் அதை ஆரம்பிச்சு வச்சா” என்று முடித்தார்.

வாழ வந்தவள் சுவரில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தபடியே தூங்கிக்கொண்டும் இருந்தாள்.

அவர் மனைவி உண்ணாமலை, அடி அண்ணாமலை ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கொதிக்கும் சாம்பாருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்க் கையை வேகவைத்துக்கொண்டவள். தூக்கத்தில் இந்த அம்மாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வேலூர் டாக்டர் சொன்ன பிறகு, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கும் அதற்குள் காற்றை ஊதும் மிஷினுமாக வீடு திரும்பினாள். முதல் மாதம் புது மனுஷியாக நடமாடினாள். அதற்குப் பிறகு மூக்குத் தண்டு சிவந்தது, கன்னத்தில் கோடு விழுந்தது, கோடு கொப்புளமானது. சென்ற வாரம் அந்தக் கொப்புளத்தைப் பார்த்த நாத்தனார் சரோஜா, “அய்யோ, இது அக்கி இல்ல?” என்று வாயில் கை வைத்ததோடு நாம் நின்றோம்.

அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ள வேண்டும். செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி பயந்து ஓடும். முதுகு, விலா என்றால் சிங்கம் பிடரியோடு நிற்க இடம் இருக்கும். உண்ணாமலைக்கு வந்ததோ மூக்கில். இடப் பற்றாக்குறையால் சிங்கம் பூனைக்குட்டியாகிவிட்டது. வால் மட்டும் இடது கன்னத்தில் தாராளமாகக் கிடந்தது.

மூன்று நாள் காலையில் எழுத வேண்டும். அதுவரை தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, எதுவும் உரசக்கூடாது. எதுவும் என்றால் மாஸ்க்கும்தான். இந்தக் கடைசி விதியை இராமலிங்கம் தீட்சை வாங்கியவர் போல ஏற்றுக்கொண்டார். மிஷினையும் மாஸ்க்கையும் அவரே எடுத்துப் பத்திரப்படுத்தினார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே மூன்று இரவாக உண்ணாமலை தூங்கவில்லை. மூன்று பகலாக விழித்திருக்கவும் இல்லை.

“ஏய், உண்ணா!”

வெங்காயம் கையிலிருந்து உருண்டது. “ஆங்... சொல்லுங்க.”

“சாயந்தரம் கீழ்பென்னாத்தூர்லேருந்து சம்பந்தியம்மா வராங்க. பொண்ணுக்குப் பூ வச்சுட்டுத் தேதி சொல்லிட்டுப் போவாங்க. அவங்க இருக்கற வரைக்கும் நீ கண்ண மூடக்கூடாது. மிஷினு கிஷினுன்னு வாயத் தொறக்கக்கூடாது. நோயாளிக் குடும்பம்னு தெரிஞ்சுதுன்னா, அப்பிடியே செருப்ப மாட்டிக்கினு பூடுவாங்க.”

“சரிங்க” என்றாள் உண்ணாமலை. சொல்லி முடிக்கும்போது இமை பாதி இறங்கியிருந்தது.

* * *

மகள் அபிநயா சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது பதினோரு மணி வெயில். தோள் பையை இறக்கும் முன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாமா மூக்குல பூனை?”

“சிங்கம்டி.”

“எதுக்கோசரம் சிங்கம்?”

“அக்கி வந்துச்சு. உங்க அத்தைதான் இட்டுக்கினு போய் எழுத வச்சாங்க.”

அபிநயா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். காவிக்கு அடியில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. மூக்குத் தண்டிலிருந்து இரண்டு கன்னத்துக்கும் இறங்கிய முக்கோணம். அளவெடுத்து வெட்டியது போல.

“அக்கி இப்பிடி ஸ்கேல் வச்சா வரும்? இது மாஸ்க் அழுத்துன புண்ணும்மா. தெனம் காலைல அந்த ரப்பர் கப்பைக் கழட்டிக் கழுவுனியா? மூஞ்சிய சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டுத்தான மாட்டுன?”

உண்ணாமலைக்கு முன் இராமலிங்கம் பதில் சொன்னார். அவர் பதிலுக்கு வீதியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

“கேளுங்கய்யா! காலைல மாஸ்க்குக்குக் குளியலு, ராத்திரி மூஞ்சிக்குக் குளியலு! அதுக்குன்னு தனியா குழந்தை சோப்பு! அப்பாலிக்கா நெழல்ல காய வைக்கணுமாம். அண்ணாமலையாருக்குக்கூட இத்தினி அபிஷேகம் கெடையாது. கொஞ்ச நாள் உங்கம்மா பண்ணிக்கினுதான் இருந்தா, குழந்தை பெத்தவ மாதிரி. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ரப்பரைக் குளிப்பாட்டறதுக்கா மனுஷன் பொறந்தான்?”

“நிறுத்தச் சொன்னீங்களா?”

“கண்ணு, நீ பயப்படாத” என்றாள் சரோஜா, தம்பிக்கு முட்டுக் கொடுத்து. “நான் சும்மா வுடல. தெனம் ராத்திரி மூக்குல தேங்காண்ணெ தடவி, அது மேல விபூதி பூசித்தான் படுக்க வச்சேன். எண்ணெ இருந்தா உரசாது பாரு.”

“எண்ணெ இருந்தா மாஸ்க் நிக்காது அத்தே. வழுக்கிக்கினு போவும். காத்து வெளிய அடிக்கும்.”

“ஆமா, அடிச்சுது. புஸ்ஸு புஸ்ஸுன்னு.”

“அப்ப என்னா பண்ணீங்க?”

சரோஜா தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒண்ணும் பண்ணலடி” என்றாள் உண்ணாமலை அவசரமாக. “போய்க் கைகால் கழுவிட்டு வா. மத்தியானத்துக்கு மொச்சக்கொட்டைக் கொழம்பு.”

“மாஸ்க் எங்க?”

“பத்திரமா கீது” என்றார் இராமலிங்கம். “சம்பந்தியம்மா போன பெறகு தரேன். ஒரு சாயந்தரம். ஒரே ஒரு சாயந்தரம் உங்கம்மா முழிச்சிக்கினு இருந்தா உன் வாழ்க்கை நெலைச்சு நின்னுக்கும்.”

“அம்மாவுக்கு நிக்கறது மூச்சுப்பா.”

இதை இராமலிங்கம் கேட்காத மாதிரி இருந்தார். சத்தத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு எதைக் கேட்கக்கூடாது என்பது அத்துப்படி.

* * *

சம்பந்தியம்மா வெள்ளையம்மாள் சாயந்தரம் வேனில் வந்து இறங்கினாள். கூட ஒரு தட்டு, அதில் ஐந்து வகைப் பழம், மூன்று முழம் மல்லி. வெள்ளையம்மாளுக்குக் கீழ்பென்னாத்தூரில் மணிலா, அதாவது கடலை எண்ணெய்ச் செக்கு. கணவர் இல்லை. மகன் பிரகாஷ்தான் எல்லாம். காலையில் செக்கடியில் பிரகாஷ் கண் அசந்துவிடுகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உழைப்பாளிப் பையன் என்று அதற்கு இராமலிங்கம் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் அவள் கண் நேராக உண்ணாமலையின் மூக்குக்குப் போனது. இராமலிங்கம் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார்.

“அக்கியா சம்பந்தியம்மா? அய்யய்யோ. எங்க பிரகாஷுக்கும் சின்ன வயசுல இடுப்புல வந்துச்சு. ரெண்டு சிங்கம் எழுதுனாங்க.”

“இங்க ஒண்ணுதாங்க எழுத முடிஞ்சுது” என்றாள் உண்ணாமலை.

“தண்ணி படாம பாத்துக்குங்க. நல்லாயிரும்.”

இராமலிங்கத்தின் முகத்தில் பல்பு எரிந்தது. மிஷின் என்றால் நோயாளிக் குடும்பம். சிங்கம் என்றால் நம்மைப் போல ஒரு குடும்பம். மூன்று நாளாகச் சுமந்த சிங்கத்துக்கு முதல் தடவையாக ஒரு பலன் கிடைத்தது.

காபி வந்தது. தை மாசத்தில் எந்த முகூர்த்தம், எந்த மண்டபம் என்று பேச்சு ஓடியது. உண்ணாமலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானைக்கு அடியில் தன் மணிக்கட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அபிநயா அதைப் பார்த்தாள். கிள்ளிய இடமெல்லாம் கன்றியிருந்தது. பிறகு கிள்ளுவது மெதுவானது. பிறகு நின்றது.

குறட்டை தாழ்ந்த குரலில்தான் தொடங்கியது. யாரோ அடுத்த வீட்டில் அம்மி அரைப்பது போல.

“மண்டபத்துக்கு நம்ம செட்டுதான் சம்பந்தியம்மா!” என்றார் இராமலிங்கம் உரக்க. “பத்து ஹாரன், நாலு பாக்ஸ்!”

அம்மி அருகில் வந்தது.

“நாதஸ்வரத்துக்குத் தனி மைக்கு! தவிலுக்குத் தனி மைக்கு!” நரம்பு புடைக்கக் கத்தினார்.

குறட்டை சட்டென்று நின்றது. இராமலிங்கம் மட்டும், “அய்யருக்குத் தனி மைக்கு!” என்று கூடத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

அமைதி. உண்ணாமலையின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. காற்று மட்டும் போகவில்லை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறியது.

வெள்ளையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏங்க, அம்மாவுக்கு என்னாங்க?”

“தியானம்” என்றார் இராமலிங்கம். “இந்த ஊர்ல மலையப் பாத்த மாதிரி உக்காந்தா அப்பிடித்தான். தானா வந்துடும்.”

“அப்பா!” அபிநயா எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உண்ணாமலை, கிணற்றிலிருந்து தலையைத் தூக்கியவள் போல ஒரு பெரிய சத்தத்தோடு காற்றை இழுத்தாள். கண் திறந்தது. எதிரில் சம்பந்தியம்மாவைக் கண்டு கை கூப்பினாள்.

“மன்னிச்சுக்குங்க. ராத்திரி கொஞ்சம்...” கூப்பிய கை அப்படியே மடியில் விழுந்தது. மறுபடி தூங்கிவிட்டாள்.

“மாஸ்க் எங்கப்பா?”

இராமலிங்கம் கண்ணால் வேண்டாம் என்றார். புருவத்தால் வேண்டாம் என்றார். இத்தனை சத்தமில்லாமல் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. அபிநயா அத்தையைப் பார்த்தாள். சரோஜா ஒரு கணம் தம்பியைப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம் முகவாயை நீட்டினாள்.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஸ்பீக்கர் இல்லை. மிஷின் இருந்தது. அதன் மேல், சுருட்டிய மேஜை விரிப்புக்கு நடுவில், எண்ணெயும் விபூதியும் அப்பிக் களிம்பு பிடித்த மாஸ்க். அபிநயா ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் செருகினாள். கரண்ட் இருந்தது. அந்த வாரத்தில் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

வாரைப் பார்க்க நேரமில்லாமல், இருந்தபடியே தலைவழியாக இழுத்தாள்; சிங்கத்தின் மேல் மாஸ்க் ஏறியது. குழாயில் காற்று ஓடியது. உண்ணாமலையின் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கத் தொடங்கியது.

“இது என்னா கண்ணு?” என்றாள் வெள்ளையம்மாள்.

அபிநயா எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பாரை, வேலூரை, நின்று நின்று வரும் மூச்சை. “இது அக்கி இல்லீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கறதுதான நல்லது.”

வெள்ளையம்மாள் தன் தட்டிலிருந்த மல்லியைப் பார்த்தாள். அதை எடுக்கவில்லை.

“உனக்கும் வருமா இது?”

“வரலாம். தெரியாதுங்க.”

“பூவ அப்பாலிக்கா வச்சிக்கலாம்” என்று எழுந்தாள். “பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன் பண்றோம்.”

இராமலிங்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அபிநயா வேன் வரைக்கும் கூடப் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஏறப்போன வெள்ளையம்மாள் நின்று, டிரைவர் காதில் விழாதபடி கேட்டாள்.

“அந்த மிஷினு... ஆம்பளைங்களுக்கும் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்களே. யாருக்குங்க?”

“யாருக்கும் இல்ல. சும்மா கேட்டேன்.” வேன் கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

* * *

அபிநயா உள்ளே வந்தபோது கூடத்தில் குரல் திரும்பி வந்திருந்தது.

“திருப்தியா? பெத்த தாயைக் காட்சிப் பொருளா உக்கார வச்சுட்ட! பூவோட வந்தவங்க பூவ வைக்காம போறாங்க. எந்த வூட்லயாவது நடந்திருக்கா? எங்க வம்சத்துல...”

சத்தத்தில் உண்ணாமலை விழித்துக்கொண்டாள். மாஸ்க்கைக் கழற்ற முயன்றாள். முடியவில்லை. அபிநயா பின்னால் போய் வாரை அவிழ்க்கக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

வேலூரில் மாஸ்க் கொடுத்தவர் அந்த வாரின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தந்திருந்தார். இந்தக் கோடு வரைக்கும்தான் இழுக்கணும், வாருக்கு அடியில் ஒரு விரல் சுலபமாகப் போய் வரணும், அதற்கு மேல் இறுக்கினால் தோல் கிழியும் என்று அபிநயாவிடம்தான் சொன்னார். இப்போது ஒட்டுப்பட்டை அந்தக் கோட்டைத் தாண்டி, கடைசி முனை வரைக்கும் போய் ஒட்டியிருந்தது. விரல் என்ன, விரல் நகம் போகவில்லை. இழுத்து இழுத்துப் பட்டையின் ஓரம் பிசிர் பிசிராகிக் கிடந்தது.

“யாரும்மா இத இப்பிடி இழுத்தது?”

“நாந்தான்.”

“பின்மண்டையில இருக்கற வார நீயே எப்பிடி இவ்ளோ இழுப்ப?”

உண்ணாமலை மாஸ்க்கைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காவி அதில் ஒட்டி வந்திருந்தது. மூக்கில் சிங்கத்தின் தலையைக் காணோம்.

“காத்து வெளிய வந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருதுடி” என்றாள். “உங்கப்பாவுக்குத் தூக்கம் கலையுது.”

சரோஜா வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தாள்.

“நான் லேசாத்தான் இழுத்தேன்” என்றார் இராமலிங்கம்.

“லேசாத்தான். தெனம் லேசாத்தான்.”

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“மூக்கையும் வாயையும் கட்டிட்டுத்தானங்க இழுப்பீங்க. எப்பிடி சொல்றது?”

அவள் குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அரிசி இருப்புக் கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அபிநயா அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“சரி, அப்பா இழுத்தாரு. நீ எதுக்கும்மா அக்கின்னு போய் எழுதிக்கின? டாக்டர் சொன்னது ஒனக்குத் தெரியும் இல்ல?”

“அக்கி இல்லைன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் உண்ணாமலை. “அக்கின்னு சொன்னா எதுவும் படக்கூடாதுன்னு ஒரு சட்டம் கீது. மூணு ராத்திரி என் தலைய யாரும் தொட மாட்டாங்க. அதுக்குத்தான் போனேன்.”

“மூச்சு நின்னு போயிருந்தா?”

“நின்னா நிக்கட்டும்னு இருந்துச்சுடி. அந்த வாருக்கு இது தேவலைன்னு இருந்துச்சு.”

இராமலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. பௌர்ணமிக்கு செட்டு கேட்கிறவர்கள். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

அபிநயா வெந்நீரும் மெல்லிய துணியும் கொண்டுவந்து அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். சிங்கம் வாலிலிருந்து கரைந்து இறங்கியது. அடியில் இருந்த புண் இப்போது வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. இராமலிங்கம் அதைப் பார்த்தார். மூன்று மாதமாகத் தினமும் அதன் பின்பக்கத்தில் நின்று வேலை செய்தவர், முன்பக்கத்தை நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“புண்ணுக்கு மருந்து வாங்கிட்டு வரேன். பிரகாஷுக்கும் ஒரு போன் பண்ணணும்” என்று அபிநயா செருப்பை மாட்டினாள். அப்பாவைக் கடந்து போகும்போது அவர் பக்கம் திரும்பவில்லை. சரோஜா, பூஜைக்கு நேரமாச்சு என்று தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

உண்ணாமலை உள்ளறையில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிடாமல் இருக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மாஸ்க் கூடத்து நாற்காலியில் கிடந்தது. எண்ணெய், விபூதி, காவி என்று கோயில் பிராகாரத் தூண் போல இருந்தது.

இராமலிங்கம் கூடத்தில் இரண்டு தடவை நடந்தார். உள்ளறையை எட்டிப் பார்த்தார். வீதிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பின்கட்டுக் குழாயடியில் வெயில் போயிருந்தது. சோப்பு டப்பாவுக்குப் பின்னால் குழந்தை சோப்பு பாதி கரைந்து காய்ந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினார். ரப்பர் கப்பை வளையத்திலிருந்து கழற்ற அவருக்குத் தெரியவில்லை. நாலைந்து தடவை திருகிப் பார்த்தபின் தானாகக் கழன்றது. சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, கட்டைவிரலால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு சகாதேவனின் தலை எழும்பியது.

“இன்னா ராமலிங்கம், இந்நேரத்துல குந்திக்கினு என்னாத்த கழுவற?”

பதில் வந்தபோது சகாதேவன் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

“டம்ளர்” என்றார் இராமலிங்கம். மதிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இன்னொரு தடவை சோப்பு போட்டார்.